பீடி சுற்றிய விரல்களுக்கு ஒரு மடிவிரிப்பு

குடியாத்தத்தில் எங்கள் ஆயா 40 வருடம் பீடி சுற்றியவர். மறதி நோய் முற்றியும் விரல்கள் ஓயவில்லை. புடவைத் தலைப்பைப் பிய்த்துக்கொண்டே இருப்பார். அதற்காக, மடியில் விரித்துத் தடவவும் இழுக்கவும் விரல்களுக்கு வேலை தரும் ஒரு மடிவிரிப்பு அவருக்குத் தைத்தோம்.

தாத்தாவின் பழைய லுங்கியில் 18 அங்குலச் சதுரமாக இரண்டு துண்டு. புதுத் துணி வேண்டாம், பழகிய துணிதான் கைக்குத் தெரிகிறது. மேல் துண்டில் அவருடைய ஆரணிப் பட்டின் கரை, கொஞ்சம் டர்க்கி டவல், ஒரு ஜிப், அப்புறம் அவருடைய சுருக்குப்பை. சுருக்குப்பைதான் ஆயாவுக்கு உயிர். நாள் முழுக்க இழுத்து மூடித் திறப்பார். கயிறு நான்கு விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம்.

சின்னப் பொத்தான், மணி எதுவும் கூடாது, வாயில் போட்டுக்கொள்வார்கள். பெரிய பொத்தானையும் இரட்டை நூலில் தைத்து, வாரம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். சாயம் போகுமா என்று முதலிலேயே ஊறவைத்துப் பார்ப்பது நல்லது. ஜரிகை ஓரம் பிரிந்தால் விரலைக் கீறும், உள்ளே மடித்துத் தையுங்கள்.

சில நாள், "எத்தனை கட்டு ஆச்சு?" என்று கேட்பார். திருத்துவதில்லை. "இருபது ஆச்சு ஆயா" என்றால் சிரிப்பார்.