நோம்பி மேடையில் கீபோர்டு: இரைச்சல் எங்கிருந்து வருகிறது, எப்படி நிறுத்துவது

பூச்சாட்டு முடிந்து நோம்பி (கோயில் திருவிழா) தொடங்கிவிட்டால் ஈரோடு, காங்கயம், தாராபுரம் பக்கம் கச்சேரி மேடைகள் அடுத்தடுத்து வரும். அந்த மேடைகளில் கீபோர்டு கெடுவதற்குப் பெரும்பாலும் போர்டு காரணமில்லை, கரண்டும் கேபிளும்தான் காரணம். ஸ்டாண்டை விரிப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள்.

மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, உங்களுக்குக் கொடுத்த பிளக் பாயின்ட்டில் மூன்று அளவு பாருங்கள். ஃபேஸ்–நியூட்ரல் 220 முதல் 240 வரை இருக்கலாம். ஃபேஸ்–எர்த் ஏறக்குறைய அதே அளவு காட்ட வேண்டும். நியூட்ரல்–எர்த் 2, 3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஃபேஸ்–எர்த் 80, 100 என்று தள்ளாடினால் எர்த் வேலை செய்யவில்லை. காய்ந்த மைதானத்தில் கம்பியை அடித்துவிட்டால் மட்டும் எர்த் கிடைத்துவிடாது. சுற்றிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி மறுபடி அளந்து பாருங்கள். மேடை விளக்கு, சீரியல் செட் எல்லாம் எரிந்த பிறகு இன்னொரு முறையும் அளக்க வேண்டும். மூன்று ஃபேஸ் ஜெனரேட்டரில் நியூட்ரல் கழன்றால் 230 வோல்ட் பாயின்ட்டில் 400 வரை ஏறும், அடாப்டர் அப்போதே போய்விடும்.

மைக்செட்காரரிடம் முன்பே சொல்லிவையுங்கள்: “ஏனுங்ண்ணா, சீரியல் செட் ஓடுற லைன் நமக்கு வேண்டாமுங்க. மிக்சருக்குப் போற லைன்லயே ஒரு பாயின்ட் குடுத்துருங்க.” மிக்சரும் கீபோர்டும் ஒரே இடத்திலிருந்து கரண்ட் எடுத்தால் பாதி இரைச்சல் வராமலே போகும்.

அப்படியும் ‘உம்’ என்று கேட்டால் கேபிளைக் கண்டபடி பிடுங்காதீர்கள். முதலில் அது என்ன சத்தம் என்று தெரிய வேண்டும். 61 கட்டை போர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ், ஆக்டேவ் இரண்டையும் பூஜ்ஜியத்தில் வைத்து, வைப்ரேட்டோ (சுருதி அலைவு) சேராத புல்லாங்குழல் மாதிரி ஒரு டோனில், இடது ஓரத்திலிருந்து வரும் முதல் ஜி கட்டையை மெதுவாக அழுத்துங்கள். அது 98 ஹெர்ட்ஸ். மெயின்ஸ் இரைச்சல் 50, அதன் இரட்டிப்பு 100. இரண்டும் கலந்து நொடிக்கு ஏறக்குறைய 2 முறை அலை மாதிரி ஏறி இறங்கினால் அது மெயின்ஸ் உறுமல்தான், எர்த் சுற்று (இரண்டு வழியாக எர்த் சேர்வது) இருக்கிறது, அல்லது கேபிளின் ஷீல்டு (உள் கம்பியைச் சுற்றியிருக்கும் வலை) விட்டிருக்கிறது. ஜெனரேட்டரில் ஓடும்போது வேகம் கூடக் குறைய இருப்பதால் அலையின் வேகமும் மாறும். ‘ஸ்ர்ர்’ என்று கூர்மையாகக் கேட்டால் டிம்மர் (விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) அல்லது எல்இடி விளக்கின் வேலை. கீபோர்டு கேபிளை விளக்கு வயரிலிருந்து தள்ளிப் போடுங்கள். தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால் குறுக்காகத் தாண்டட்டும், பக்கத்திலேயே கூடப் போகக் கூடாது.

அடுத்தது, மிக்சரில் மியூட் போட்டுவிட்டு லைன் ஜாக்கைக் கழற்றி, ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஹெட்ஃபோனிலும் இரைச்சல் இருந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். சுத்தமாக இருந்தால் சிக்கல் வெளியே. யுஎஸ்பியில் லேப்டாப் சேர்ந்திருந்தால் ஜாக்கை மாட்டி, லேப்டாப் சார்ஜரை மட்டும் உருவுங்கள். இரைச்சல் நின்றால் மூன்று பின் சார்ஜர் வழியாக ஒரு எர்த்தும் மிக்சர் வழியாக இன்னொரு எர்த்தும் சேர்ந்து சுற்றாகியிருக்கிறது. கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பாக்ஸ் (கீபோர்டு சிக்னலை மைக் கேபிளுக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) போட்டு, அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டினால் சரியாகும். அந்தச் சுவிட்ச் ஆடியோ கேபிளின் 1ஆம் பின்னை (கிரவுண்ட் பின்) மட்டுமே துண்டிக்கிறது, கரண்ட் பக்கம் தொடுவதில்லை. சார்ஜரின் எர்த் பின்னை வெட்டி எடுக்கும் பழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். எங்காவது ஃபேஸ் கசிந்தால், மைக்கில் உதடு பட நிற்கும் பாடகருக்குத்தான் ஷாக் அடிக்கும்.

கீபோர்டிலிருந்து டிஐ வரை 6.3 மில்லிமீட்டர் ஜாக் கேபிள் 3 மீட்டருக்குள் இருக்கட்டும். டிஐக்கு அப்புறம் எக்ஸ்எல்ஆரில் (மூன்று பின் மைக் கேபிள்) 30 மீட்டர் போனாலும் கவலையில்லை. ஒரே சேனல்தான் கிடைக்கும் என்றால் எல்/மோனோ ஜாக்கில் மட்டும் மாட்டுங்கள், போர்டு உள்ளேயே இடது, வலது இரண்டையும் சேர்த்துத் தரும். ஹெட்ஃபோன் ஜாக்கிலிருந்து ஸ்டீரியோ கேபிளை மிக்சரின் பேலன்ஸ்டு இன்புட்டில் (இரண்டு கம்பியின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் இன்புட்) நேராகக் குத்தினால் இடதும் வலதும் ஒன்றையொன்று கழித்துவிடும். நடுவில் இருக்கும் பியானோ காணாமல் போய் ரிவெர்ப் மட்டும் மிஞ்சும். மாஸ்டர் வால்யூமை முக்காலில் வைத்து, மீதியை மிக்சர் கெய்னில் சரிசெய்யுங்கள்.

அடாப்டரில் வோல்ட்டும் முனையும் பொருந்த வேண்டும். யமஹாவிலேயே பிஏ-150 என்பது 12 வோல்ட், பிஏ-300சி என்பது 16 வோல்ட். ரோலண்டின் 9 வோல்ட் அடாப்டரில் நடுமுனை மைனஸ், யமஹாவில் பிளஸ். மாட்டியபின் வயரை ஸ்டாண்டு காலில் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். யாராவது தடுக்கினாலும் இழுப்பு ஸ்டாண்டோடு நிற்கும், போர்டின் சாக்கெட் உடையாது.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் பல்லடம், உடுமலை பக்கம் எக்ஸ் ஸ்டாண்டை நம்பாதீர்கள். நான்கு கால் மேசை ஸ்டாண்டே நல்லது. புழுதிக்கும் மஞ்சள் நீருக்கும் சேர்த்து மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள். கட்டைக்கு அடியில் கார்பன் ரப்பரில் தூசி புகுந்தால் அந்த ஒரு கட்டை மட்டும் ஊமையாகும், அல்லது மெதுவாகத் தொட்டாலும் முழுச் சத்தத்தில் கத்தும். பஞ்சுக் குச்சியில் 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு மூடுங்கள்.

அதே போர்டை வீட்டு ஸ்டுடியோவில் யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டரில் பதிவு செய்தால் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 128 போதும். பஃபரால் வரும் தாமதம் ஒரு வழிக்கு 2.7 மில்லிநொடிதான். 512க்குப் போனால் 10.7 ஆகும், விரலுக்குப் பின்னால் சத்தம் வருவது தெரிய ஆரம்பிக்கும். மிடியையும் (எந்தக் கட்டையை எப்போது, எவ்வளவு அழுத்தினீர்கள் என்ற தகவல்) ஆடியோவையும் சேர்த்தே பதியுங்கள், டோனைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்வரமும் இரட்டையாகக் கேட்டால் போர்டில் லோக்கல் கன்ட்ரோலை (கட்டையையும் போர்டின் சொந்த ஒலியையும் நேராக இணைக்கும் செட்டிங்) ஆஃப் செய்யுங்கள். சில போர்டுகள் கரண்டை அணைத்த பிறகும் அந்த ஆஃபை நினைவில் வைத்திருக்கும். அடுத்த மேடைக்குக் கிளம்பும் முன் லோக்கலை ஆன் செய்து, ஹெட்ஃபோனில் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பையில் வையுங்கள்.