வேப்பெண்ணெயும் எங்கள் மணியும்

குலசேகரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ரப்பர் தோட்டம். ஐப்பசி மழையில் புல் வளர்ந்துவிட்டால் எங்கள் நாய் மணி உடம்பெல்லாம் உண்ணியோடுதான் திரும்பும். போன வருஷம் காதுக்குப் பின்னால் சொறிந்து சொறிந்து முடி கொட்டி, தோல் சிவந்துவிட்டது.

வேப்பெண்ணெய் தானே, என்ன செய்துவிடப் போகிறது என்று அப்படியே தேய்த்தேன். அரை மணி நேரத்தில் நக்கித் தீர்த்துவிட்டது. வாயில் நுரை, அப்புறம் இரண்டு தடவை வாந்தி. பயந்துபோய் ஷாம்பூ போட்டுக் கழுவி, ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"பூண்டு, கற்பூரம் ஏதாவது கலந்தீங்களா?" இதுதான் டாக்டரின் முதல் கேள்வி. இரண்டுமே நாய்க்கு விஷம். நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன கற்பூர எண்ணெயை நான் தொடவில்லை.

தோல் ஆறியபின், வேப்பிலையைக் கொதிக்கவைத்து நன்றாக ஆறிய தண்ணீரை முதலில் தொடையில் ஒரு ரூபாய் அளவு இடத்தில் மட்டும் தடவி, ஒரு நாள் பார்த்தேன். சிவக்கவில்லை. பிறகு கண், மூக்கு, புண் தவிர்த்து வாரம் ஒருமுறை ஊற்றினேன். காயும்வரை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. முதல் நாள் அதோடு போய்க் கிணற்றுச் சுவரில் முட்டிக்கொண்டது, பாவம்.

அரிப்பு குறைந்தது. உண்ணி போகவில்லை, அதற்கு எடை பார்த்து டாக்டர் கொடுத்த மாத்திரைதான் கேட்டது.