யெல்லோஸ்டோனில் குடும்பத்தோடு முதல் டென்ட்: படிப்படியாக

ஜூலைதானே என்று இரண்டு போர்வையோடு கிளம்பிவிடாதீர்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. மதியம் 25 டிகிரி வெயிலடித்த இடத்திலேயே விடிகாலையில் தண்ணீர் உறையலாம்.

1. இடம்: மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். யெல்லோஸ்டோனில் மேடிசன், கேன்யன், பக்கத்துப் பூங்காவான கிராண்ட் டீட்டனில் கோல்டர் பே ஆகிய முகாம்கள் புதியவர்களுக்குத் தோதானவை. யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கரடி நடமாட்டம் உண்டு. அங்கே துணி டென்டுக்கு அனுமதி இல்லை.

2. டென்ட்: கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம், மதியத்துக்குள் அடித்துவிடுங்கள். கீழே விரிக்கும் தார்ப்பாய் டென்டின் அடிப்பாகத்தைவிட நாலு பக்கமும் நாலு விரல் உள்ளடங்கி இருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத்தண்ணீரை ஏந்தி உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டுவந்து விடும். முளையின் தலை டென்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நேராக அடித்தால் காற்று பிடுங்கிவிடும்.

3. படுக்கை: ஸ்லீப்பிங் பேக் மைனஸ் 7 டிகிரி தாங்குவதாக வாங்குங்கள். அதில் போட்டிருப்பது பெரும்பாலும் தாங்கும் எல்லைதான், சுகமாகத் தூங்கும் அளவு அல்ல. வெறும் காற்று மெத்தை உடம்புச் சூட்டை உறிஞ்சும். மேலே ஃபோம் பாய் போடுங்கள். குழந்தையைப் பெரியவர் பையில் படுக்க வைத்தால் கால்பக்கத்தை மடித்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் சூடேறாது.

4. சமையல்: வீட்டில் எல்லோரும் வைத்திருக்கும் பியூட்டேன் அடுப்பு இங்கே காலை வாரும். பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி பியூட்டேன் ஆவியாகாது, காலைக் காபிக்குத் தீ சிணுங்கும். புரொப்பேன் அடுப்புதான் சரி. ஒரு பவுண்டு சிலிண்டர் ஒரு பர்னரை முழுத்தீயில் சுமார் 2 மணி நேரம் எரிக்கும். 2,400 மீட்டரில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் சோறு நறுக்கரிசியாக நிற்கும். குக்கர் கொண்டுபோங்கள். அரிசியை அரை மணி ஊறவைத்து, வழக்கத்தைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள். மழை என்று அடுப்பை டென்டுக்குள் கொண்டுபோகவே கூடாது; கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும்.

5. கரடி: சாப்பாடு மட்டுமல்ல, பற்பசை, சோப்பு, தேங்காயெண்ணெய், கழுவாத குக்கர் எல்லாம் கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிக்குள்ளோ பூட்டிய காருக்குள்ளோ போக வேண்டும். டென்டுக்குள் ஒரு முறுக்குகூட இருக்கக்கூடாது. (கலிபோர்னியாவின் யோசமிட்டி பூங்காவில் இரவு காரில் வைப்பதற்கும் தடை.) கரடி, ஓநாயிடமிருந்து 100 கஜம், காட்டெருமையிடமிருந்து 25 கஜம் தள்ளி நில்லுங்கள். பாய்ந்து வரும் கரடியின் முகத்தை நோக்கி அடிக்கும் மிளகாய்க் காரமான கரடி ஸ்பிரேயை விமானத்தில் கொண்டுவர முடியாது, போய் வாங்கிக்கொள்ளுங்கள். அதைக் கொசு மருந்துபோல டென்ட் மேல் அடித்துவைப்பவர்களும் உண்டு. காய்ந்த அந்த வாசனை கரடியைக் கூப்பிடும்.