முதலில் குழாயடிக்கு ஓடுங்கள்

பொங்கலுக்கு முந்தைய வாரம் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்து பூசிக்கொண்டிருந்தவரின் இடது கண்ணில் மட்டையிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. ஒருவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். ஒருவர் விளக்கெண்ணெயோடு வந்தார். இன்னொருவர் துண்டால் கண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஏணிக்குப் பக்கத்திலேயே ஒரு குடம் நல்ல தண்ணீர் இருந்தது, அதை யாரும் தொடவில்லை. மருத்துவமனை போய்ச்சேர இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் சுண்ணாம்பு கண்ணைத் தின்றுகொண்டிருந்தது.

வேலூர் மருத்துவமனைகளுக்குப் பெயர்போன ஊர். ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை, அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எது நடந்தாலும் தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்ற தைரியம் நமக்கு உண்டு. சுண்ணாம்பு விஷயத்தில் அந்தத் தைரியமே கண்ணைக் கெடுக்கிறது.

அமிலம்தான் ஆபத்து, சுண்ணாம்பு சாது என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும். அமிலம் பட்டால் கண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதம் உறைந்து, அதுவே பெரும்பாலும் ஓரளவுக்குத் தடுப்பாகிவிடுகிறது. சுண்ணாம்பு போன்ற காரம் செல்களின் கொழுப்பைச் சோப்பாக்கிக் கரைத்துவிட்டு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் முடி நீக்குவதற்காகத் தோலை ஊறவைக்கும் தொட்டியில் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடும் சேர்கிறது. அதுவும் கடும் காரம்தான். அந்தத் தொட்டியருகே கண்ணாடி போடாமல் யாரையும் நிறுத்தக் கூடாது.

கண்ணில் பட்டுவிட்டால் அந்த நொடியே தண்ணீர். குழாயோ, குடமோ, குடிநீர் கேனோ, சுத்தமாக இருந்தால் போதும். கண் தானாக இறுக மூடிக்கொள்ளும், அதனால் பக்கத்தில் இருப்பவர்தான் இமைகளை விரித்துப் பிடிக்க வேண்டும். பட்ட கண் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி தலையைச் சாய்த்து, மூக்கோரத்திலிருந்து வெளிப்பக்கமாக, குறைந்தது அரைமணி நேரம் நிறுத்தாமல் ஊற்றுங்கள். மேல் இமைக்கு அடியில் சுண்ணாம்புத் துகள் ஒளிந்துகொள்ளும். ஈரத்துணியின் நுனியால் அதை ஒற்றி எடுக்காவிட்டால் கழுவியதில் பாதி வீண். எலுமிச்சைச் சாறு விட்டால் காரம் முறிந்துவிடும் என்பார்கள், கேட்காதீர்கள். எண்ணெயும் வேண்டாம், தாய்ப்பாலும் வேண்டாம். ஆட்டோவை இன்னொருவர் அழைக்கட்டும்.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியிலும் இதே சுண்ணாம்புதான் இருக்கிறது. பிளாஸ்டிக் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கினால், அது வெடித்து நேராக முகத்தில்தான் பீச்சியடிக்கும். அதை எட்டாத உயரத்தில் வைக்கச் சொல்லிப் பாட்டியிடம் கெஞ்சியாவது கேளுங்கள்.

சுத்தியலால் உளியை அடிக்கும்போது தெறிக்கும் இரும்புச் சில்லுக்கு மட்டும் இந்த வைத்தியம் நேர்எதிர். உளித்தலை அடிபட்டு அடிபட்டுப் பூப்போல விரிந்திருக்கும். அந்த ஓரத்திலிருந்துதான் சில்லு பறக்கும். கண்ணைத் துளைத்து உள்ளே போனாலும் பல நேரம் பெரிய வலி இருக்காது, சின்னச் சிவப்புப் புள்ளி மட்டும் தெரியும். தூசி என்று தேய்த்துவிட்டு வேலையைத் தொடர்வது பெருந்தவறு. உள்ளே தங்கிய இரும்பு நாளடைவில் பார்வையையே பறித்துவிடக்கூடும். இங்கே கழுவ வேண்டாம், அழுத்த வேண்டாம், குத்தி நிற்பதைப் பிடுங்கவே வேண்டாம். ஒரு காகிதக் கப்பைக் கண்மேல் படாமல் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பார்வைக்கு அணியும் சாதாரண மூக்குக்கண்ணாடி இதற்குக் காப்பாகாது. பக்கவாட்டில் மூடிய பாலிகார்பனேட் கண்ணாடிதான் வேண்டும்.

வெல்டிங் பட்டறைகளில் ஷீல்டு வைத்திருப்பவர் வெல்டர். கம்பியைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் உதவியாளுக்கு ஒன்றும் கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில், கண்ணில் மணலைக் கொட்டியதுபோல எரியும்போதுதான், வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்டது அந்தப் பையனுக்குத் தெரியவரும். இரண்டு நாளில் பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் வலி போக்க மரத்துப்போகும் சொட்டு மருந்தை வாங்கித் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி ஆறாது, புண்ணாகிவிடும். உதவியாளுக்கும் ஒரு ஷீல்டு வாங்கிக்கொடுங்கள்.

கழனி வேலை செய்வோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கரும்புச் சோகையோ நெல்லின் சுணையோ கருவிழியைக் கீறினால், அந்தக் கீறல் வழியே பூஞ்சை நுழையலாம். நாக்கால் துழாவி எடுப்பதும், பச்சிலைச் சாறு பிழிவதும் அதற்கு வழி திறந்துவிடும். சிவப்பு குறைய மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால், சிவப்பு வடிந்து ஆறியதுபோல் தோன்றும், பூஞ்சையோ உள்ளே செழித்து வளரும். கீறல்பட்ட கண்ணை மறுநாள் காலை வெளிச்சத்தில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, கரும்பு வெட்டை மறுநாளுக்குத் தள்ளிவிட்டு அன்றைக்கே பஸ் ஏறுங்கள்.