பண்டைய அமைதி உடன்படிக்கைகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மத்தியதரைக் கடலைச் சுற்றி நடந்த பண்டைய போர்களைப் பற்றி எழுதுபவர்கள் போர்க்களத்துக்குப் பக்கம் பக்கமாக இடம் தருகிறார்கள். போரை முடித்த உடன்படிக்கைக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. பெரும்பாலான தவறுகள் அந்த ஒரு வரியில்தான் நுழைகின்றன. உடன்படிக்கை கையெழுத்தான நாளை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு, அதன் நிபந்தனைகளைப் படிக்காமல் விடுவதால் வரும் வினை இது.

காதேஷ் உடன்படிக்கையை எடுத்துக்கொள்வோம். எகிப்தும், இன்றைய துருக்கியில் இருந்த ஹிட்டைட் பேரரசும் சிரியாவில் மோதிய காதேஷ் போர் இதனால் முடிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். போர் நடந்தது ஏறத்தாழ கி.மு. 1274இல், உடன்படிக்கை ஏறத்தாழ கி.மு. 1259இல். எகிப்தின் இரண்டாம் ராம்சேசைக் களத்தில் எதிர்கொண்ட ஹிட்டைட் மன்னர் முவாட்டல்லி அதற்குள் இறந்துவிட்டார். அவருடைய மகனை இறக்கிவிட்டு, தம்பி ஹட்டுசிலி அரியணையில் அமர்ந்திருந்தார். பதவி இழந்த அந்த அண்ணன் மகன் பிற்பாடு எகிப்தில் தஞ்சம் புகுந்தார். கிழக்கே அசீரியா வலுத்துக்கொண்டிருந்தது. ஹட்டுசிலிக்கு அமைதி ஏன் தேவைப்பட்டது என்பது இதிலிருந்து புரியும். உடன்படிக்கையிலும் இதே கவலைதான் பேசுகிறது: ஒருவரை மூன்றாமவர் தாக்கினால் மற்றவர் படை அனுப்ப வேண்டும், ஹட்டுசிலிக்குப் பின் அவர் மகன் ஆட்சிக்கு வர எகிப்து துணை நிற்க வேண்டும், தப்பியோடி வருபவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்பப்பட்டவரின் வீட்டுக்கும் மனைவி மக்களுக்கும் தீங்கு செய்யக் கூடாது என்றும் ஒரு நிபந்தனை உண்டு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அரசர்கள் இதை எழுதி வைத்தார்கள் என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. எல்லைக்கோடு எங்கே என்பது மட்டும் அதில் இல்லை.

இதை உலகின் முதல் உடன்படிக்கை என்று சொல்வதும் தவறு. சிரியாவின் எப்லா நகரம் செய்துகொண்ட உடன்படிக்கை இதைவிட ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழையது. காதேஷ் உடன்படிக்கையின் சிறப்பு, இரு தரப்புப் பிரதிகளும் கிடைத்திருப்பதே. ஆனால் எகிப்தின் கர்னாக் கோயில் சுவரில் உள்ளதை மட்டும் படித்தால், ஹிட்டைட் மன்னர் ராம்சேசிடம் கெஞ்சி அமைதி கேட்டார் என்றே தோன்றும். ஹிட்டைட் தலைநகர் ஹட்டூசாவில் கிடைத்த களிமண் பலகைகளில் அந்தக் கெஞ்சல் இல்லை. ஒரு பக்கத்துக் கல்வெட்டை நடுநிலைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்த தவறு, உடன்படிக்கையில் எழுதிய கால அளவை அப்படியே நம்புவது. பெலோப்பொனேசியப் போரில் மோதிய கிரேக்க நகர அரசுகளான ஏதென்சும் ஸ்பார்ட்டாவும் கி.மு. 421இல் செய்துகொண்ட நிகியாஸ் அமைதி ஐம்பது ஆண்டுகளுக்கு என்று எழுதப்பட்டது. போரில் பிடித்த ஆம்பிபோலிஸ் நகரை ஸ்பார்ட்டா திருப்பித் தர வேண்டும். அங்கிருந்த ஸ்பார்ட்டத் தளபதி மறுத்துவிட்டார். அதனால் ஏதென்சும் தான் பிடித்து வைத்திருந்த பைலோசை விடவில்லை. இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஸ்பார்ட்டாவின் கூட்டாளிகளான கொரிந்தும் மெகாராவும் பொயோட்டியர்களும் இதை ஏற்கவே இல்லை. யார் கையெழுத்திட்டார் என்பதைவிட யார் இடவில்லை என்பது பல சமயம் அதிகம் சொல்லும். கி.மு. 418இல் மாண்டினியா களத்தில் ஏதென்சு வீரர்களும் ஸ்பார்ட்டர்களும் நேருக்கு நேர் மோதினார்கள். அந்தக் காலத்தில் வாழ்ந்த ஏதென்சு வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இந்த இடைவெளியை அமைதி என்று ஏற்க மறுத்து, இருபத்தேழு ஆண்டுகளையும் ஒரே போராகக் கணக்கிட்டார். அவர் கணக்கே எனக்குச் சரியாகப் படுகிறது.

மூன்று முறை போரிட்ட ரோமுக்கும் வட ஆப்பிரிக்க நகர அரசான கார்த்தேஜுக்கும் வருவோம். அதிகத் தவறுகள் இங்கேதான். முதற்போரின் முடிவில், கி.மு. 241இல், ரோமானியத் தளபதி லுட்டாட்டியஸ் 2,200 தாலந்து (பண்டைய எடை அளவு) வெள்ளியை கார்த்தேஜ் இருபது ஆண்டுகளில் தர வேண்டும் என்று பேசி முடித்தார். பல நூல்கள் இதோடு நிறுத்திவிடுகின்றன. ஆனால் ரோமின் மக்கள் அவை அதை ஏற்கவில்லை. பத்துப் பேர் கொண்ட குழு அனுப்பப்பட்டது. தொகை 1,000 தாலந்து கூடியது, தவணைக்காலம் பாதியாகக் குறைந்தது. தளபதி பேசியதும் அரசு உறுதி செய்ததும் ஒன்றல்ல. சில ஆண்டுகளில், கூலிப்படைக் கலகத்தால் கார்த்தேஜ் தளர்ந்திருந்தபோது, ரோம் சார்டினியாவையும் பறித்துக்கொண்டு மேலும் 1,200 தாலந்து கேட்டது. இரண்டாம் போருக்கான காரணங்களில் இந்த அநீதியைப் பெரிதாகச் சொல்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ்.

இரண்டாம் போரில் கார்த்தேஜின் தளபதி ஹானிபல் தோற்றபின் கி.மு. 201இல் வந்த உடன்படிக்கையில் எல்லோர் கண்ணும் 10,000 தாலந்து அபராதத்தின் மீதே போகிறது. ஐம்பது ஆண்டுத் தவணை அது. கார்த்தேஜ் வணிக நகரம். தவணையைக் கட்டியது, கி.மு. 191இல் மீதி முழுவதையும் ஒரே தடவையில் தருவதாகக்கூடச் சொன்னது. ரோம்தான் வாங்க மறுத்தது. கழுத்தை இறுக்கியது வேறொரு நிபந்தனை: ஆப்பிரிக்காவுக்குள்ளேயும் ரோமின் அனுமதியின்றிப் போர் செய்யக் கூடாது. பக்கத்திலிருந்த நுமிடிய மன்னர் மசினிசா, ரோமின் நண்பர், நிலத்தைத் துண்டு துண்டாகப் பிடித்துக்கொண்டே வந்தார். கார்த்தேஜ் ரோமிடம் முறையிட்டது. தீர்ப்பு பெரும்பாலும் மசினிசாவுக்கே சாதகமாக வந்தது. தவணைகள் முடிந்த கையோடு கார்த்தேஜ் அவரை எதிர்த்துப் படை திரட்டியது. மூன்றாம் போருக்கு ரோமுக்கு வேண்டிய சாக்கு கிடைத்தது.

மூன்றாம் போரை முடித்த உடன்படிக்கை என்று ஒன்றைத் தேடாதீர்கள். அப்படி எதுவும் இல்லை. கி.மு. 146இல் நகரம் எரிக்கப்பட்டது, உயிர் தப்பியவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். மண்ணில் உப்பு தூவினார்கள் என்ற கதைக்குப் பண்டைய ஆதாரம் கிடையாது. 1985இல் ரோம், கார்த்தேஜ் மேயர்கள் அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது நட்புக்கான அடையாளச் சடங்கு; அதை வைத்துக்கொண்டு, போர் 2,100 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது என்று எழுதுவதையும் விட்டுவிடலாம். போர் தொடர வேண்டுமானால் எதிரில் ஓர் அரசு இருக்க வேண்டும், கி.மு. 146க்குப் பின் கார்த்தேஜ் என்ற அரசு இல்லை.