பார்வைக்கோணச் சோதனை வைக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடிப் பக்கம் எம்.எட்.டுக்கும் பிஎச்.டி.க்கும் இடத்திறன் (எது எங்கே, எந்தத் திசையில் என்று மனசில் கணிக்கிற திறமை) பற்றி ஆய்வு செய்கிற பிள்ளைகள் அவ்வப்போது விடைத்தாள் கட்டோடு வந்து நிற்கிறார்கள். அவர்கள் செய்கிற தவறுகளில் பாதி, ஆரம்பத்தில் நானும் செய்தவைதான், அதனால் திட்டவும் வாய் வரவில்லை. பெயர் எழுதாமல் தாளை வாங்கி வைப்பது மாதிரி சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

புதிதாக வருகிறவர்களுக்காக: பார்வைக்கோணச் சோதனை என்பது 2001-ல் கொஷெவ்னிகவ், ஹெகார்ட்டி என்ற ஆய்வாளர்கள் கொண்டுவந்து, 2004-ல் ஹெகார்ட்டியும் வாலரும் திருத்தி அமைத்த சோதனை. தாளின் மேல்பாதியில் பூ, மரம், வீடு, பூனை, கார் என்று ஏழு பொருட்கள். "நீங்கள் பூவுக்குப் பக்கத்தில் நின்று மரத்தைப் பார்க்கிறீர்கள், பூனை எந்தத் திசையில்?" என்பது போல 12 கேள்விகள், 5 நிமிடம். கீழே ஒரு வட்டம். நடுவில் பூ, உச்சியில் மரம். பூனை இருக்கும் திசைக்கு ஒரு கோடு போட வேண்டும். சரியான திசையிலிருந்து அந்தக் கோடு எத்தனை பாகை விலகியிருக்கிறது என்பதுதான் மதிப்பெண். விலகல் குறைந்தால் திறமை அதிகம்.

அரைவட்டக் கோணமானி

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல்தான். திருத்த உட்காரும்போது எல்லாரும் தம்பி தங்கையின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து அரைவட்டக் கோணமானியை எடுத்துக்கொள்கிறார்கள். வட்டத்தின் வலது பக்கம் கோடு இருந்தால் உச்சியிலிருந்து அளந்து 60 என்று எழுதுகிறார்கள். சரி. இடது பக்கம் இருந்தால்? கோணமானியை அந்தப் பக்கம் திருப்பி வைத்து அதையும் 60 என்றே எழுதுகிறார்கள்! சரியான விடை வலப்பக்கம் 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் கோடு போட்டவருக்கும் இப்போது விலகல் பூஜ்யம். பூவின் இடத்தில் தன்னை நிறுத்திப் பார்க்க முடியாமல் இடம் வலம் மாறிப் போவதைப் பிடிக்கத்தானே இந்தச் சோதனையே வைக்கிறோம். தோற்றவருக்கே முழு மதிப்பெண் போட்டுக் கொடுத்தாயிற்று.

உச்சியை 0 ஆக்கி, வலப்புறமாக 360 வரை அளக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தால் அடுத்த வினை எக்செல்லில் வருகிறது. சரியான விடை 350, பிள்ளை போட்ட கோடு 8. கழித்தால் 342. உண்மையில் இரண்டுக்கும் நடுவே இருப்பது 18 பாகைதான். கிட்டத்தட்ட சரியாகப் போட்டவர் கடைசி ஆளாகப் போய்விடுகிறார். கழித்து வருவது 180-ஐத் தாண்டினால் அதை 360-லிருந்து கழியுங்கள். 180-க்கு மேல் எந்த விலகலும் இருக்கவே முடியாது, எக்செல்லில் விலகல் எழுதிய நெடுவரிசையில் பெரிய எண் எது என்று ஒரு தடவை பார்த்தாலே தெரிந்துவிடும். கோடுகளின் கோணங்களை நேராகக் கூட்டிச் சராசரியும் எடுக்காதீர்கள்: 350-க்கும் 10-க்கும் சராசரி 180 என்று வரும், அதாவது முதுகுக்குப் பின்னால்.

ஒரு பெண் இந்த இரண்டு தவறையும் ஒன்றாகச் செய்து கொண்டு வந்தாள். சரி, விடைத்தாளை எடும்மா, திரும்ப அளந்துவிடலாம் என்றேன். இடம் அடைக்கிறது என்று வீட்டில் எடைக்குப் போட்டுவிட்டார்களாம்! கணினியில் விலகல் மட்டும்தான் இருந்தது, எந்தக் கோணத்தில் கோடு போட்டார்கள் என்பதே இல்லை. பல மாத உழைப்பு போயிற்று. வரைந்த கோணத்துக்கென்று தனி நெடுவரிசை ஒன்று வையுங்கள், தாளை ஸ்கேன் செய்து வையுங்கள்.

இன்னொன்று, கண்ணை மூடிக்கொண்டு கோடு போட்டாலே சராசரி விலகல் 90 பாகை அளவில் வரும். உங்கள் வகுப்பின் சராசரி அங்கே நின்றால், அவர்களுக்குக் கேள்வி புரியவில்லை, அல்லது உங்களுக்கு அளக்கத் தெரியவில்லை.

முடிக்காத கேள்விகள்

பூஜ்யம் போடாதீர்கள். இங்கே பூஜ்யம்தான் முதல் மதிப்பெண்.

தாளைத் திருப்புவது

மனசு செய்ய வேண்டியதைக் கை செய்துவிடும். தாளை மேஜையோடு டேப் போட்டு ஒட்டிவிட்டு, கழுத்தைச் சாய்க்கிறவர்களையும் பாருங்கள்.

ஊர்க் கேள்விகள்

"குன்றக்குடியில் நின்று பிள்ளையார்பட்டியைப் பார்த்தால் காரைக்குடி எந்தப் பக்கம்?" ஒரு மாணவர் ஆசையாகத் தயாரித்த தாள். படிக்க நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தினமும் அந்த பஸ்ஸில் போகிற பையன் முந்துவான், விடுதியில் தங்கிப் படிக்கிற வெளியூர்ப் பையன் முழிப்பான். நீங்கள் அளந்தது ஊர்ப் பழக்கத்தை. பொருட்கள் கண்ணெதிரே தாளிலேயே இருக்க வேண்டும் என்பது ஞாபகசக்தியைத் தள்ளி வைக்கத்தான்.

கனசதுரச் சோதனை

1971-ல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் பயன்படுத்திய கனசதுர உருவங்களில் பொருள் சுழலும், நீங்கள் இருந்த இடத்தில் இருப்பீர்கள். இங்கே நீங்கள் இடம் மாறுகிறீர்கள். இரண்டும் நெருங்கியவை, ஆனாலும் பிரித்து அளக்கக்கூடியவை என்று 2004 ஆய்வே காட்டியிருக்கிறது. ஒன்றை வைத்துவிட்டு மற்றதன் பெயரைத் தலைப்பில் போடாதீர்கள்.

"எனக்கு வழியெல்லாம் அத்துப்படி"

வழி கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர் என்று ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வது வேறு, இந்தச் சோதனையில் செய்வது வேறு. இரண்டையும் தனித்தனியாகவே வையுங்கள்.

கிழக்கு எது?

கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி, தாளைக் கையில் வாங்கியதும் "இதுல கிழக்கு எதுன்னு சொல்லுங்க தம்பி" என்றார். முகப்பிலிருந்து பின்கட்டு வரை எல்லாவற்றையும் திசை வைத்தே சொல்லிப் பழகிய வீடு அது, கேட்டதில் தப்பே இல்லை. தமிழ்நாட்டில் கிராமத்தவர் கிழக்கு மேற்கு என்றும் நகரத்தவர் இடம் வலம் என்றும் சொல்வது அதிகம் என்று மொழியியலாளர் எரிக் பெடர்சன் 1990-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இப்படிக் கேட்கிறவரை "தெரியாதவர்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள் நம் பிள்ளைகள். தாளில் திசை கிடையாது என்று சொல்லிவிட்டு, மாதிரிக் கேள்வியை நிதானமாகப் போட விடுங்கள். எல்லாரையும் ஒரே திசை பார்த்து உட்கார வையுங்கள். முடித்ததும் எப்படி யோசித்தீர்கள் என்று கேட்டு, அவர் சொன்ன வார்த்தையிலேயே தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.