வெயிலில் விழுந்தவரை உடனே ஆட்டோவில் ஏற்றாதீர்கள்

கட்டட வேலையில் சித்தாள் ஒருவர் வெயில் தாங்காமல் சுருண்டு விழுந்தால், முதலில் எழும் குரல் "ஆட்டோவைக் கூப்பிடு" என்பதுதான். அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஹீட் ஸ்ட்ரோக்கில் அதுவே பெரிய தவறு. உள்ளுடம்பின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் நிமிடத்துக்கு நிமிடம் பழுதாகும். அரைமணிக்குள் சூட்டை இறக்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அந்த அரைமணி டிராஃபிக்கில் போய்விடக்கூடாது. ஒருவர் 108-க்கு போன் போடட்டும். மற்றவர்கள் அங்கேயே குளிர்விக்க வேண்டும். அப்புறம்தான் வண்டி.

முகத்தில் தண்ணீர் தெளித்தால் போதாது, முழு உடம்பும் நனைய வேண்டும். தார்ப்பாய் இல்லாத சைட் கிடையாது. அதை நிழலில் விரித்து, கனமான துணிகளைக் கழற்றி, ஆளை நடுவில் படுக்கவையுங்கள். நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டியாகிவிடும். கான்கிரீட்டை நனைக்கும் கியூரிங் பைப்பில் முதலில் வரும் சுடுதண்ணீரை ஓடவிட்டு, பிறகு நிரப்புங்கள். மாடி டேங்கில் இருப்பது கொதித்துக் கிடக்கும், சம்ப் தண்ணீர்தான் நல்லது. பக்கத்து மீன்கடையிலோ ஜூஸ் கடையிலோ ஐஸ் கிடைத்தால் அதையும் கொட்டி அலசிக்கொண்டே இருங்கள். தண்ணீர் மூக்கு வாயில் ஏறாதபடி ஒருவர் தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். நினைவு தெளியும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள்.

மயங்கியவர் வாயில் சோடா, தண்ணீர் எதையும் ஊற்றக்கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைக் கையில் திணிப்பதில் பலனில்லை. பாராசிட்டமாலும் வேண்டாம். இது காய்ச்சல் அல்ல, மாத்திரை இந்தச் சூட்டை இறக்காது, ஏற்கெனவே அடிபட்ட ஈரலுக்குக் கூடுதல் கேடுதான்.

எனக்கு மனசே ஆறாத தவறு ஒன்று உண்டு. ஆள் உளறுகிறார், தள்ளாடுகிறார். "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான்" என்று ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். வெயிலில் புத்தி தடுமாறுவதுதான் ஹீட் ஸ்ட்ரோக்கின் முக்கிய அடையாளம். "வியர்க்குதே, ஒண்ணுமில்ல" என்பதையும் நம்பாதீர்கள். உழைப்பவர்களுக்கு ஹீட் ஸ்ட்ரோக்கிலும் வியர்வை கொட்டும். பெயர் என்ன, இன்று என்ன கிழமை என்று கேளுங்கள். பதில் குழறினால் தார்ப்பாயை எடுங்கள்.

புது ஆளின் திறமையைப் பார்க்கிறேன் என்று முதல் நாளே ஜல்லி சுமக்க விடும் மேஸ்திரிகள் உண்டு. வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். ஆபத்து அதிகம் முதல் சில நாட்களில்தான். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ், புதியவருக்கு முதல் நாள் வெயிலில் 20 சதவீத வேலை, பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டலாம் என்கிறது. திருவிழாவுக்கு ஊருக்குப் போய்த் திரும்புகிற பழைய ஆளுக்கும் பாதி வேலையில்தான் தொடங்க வேண்டும்.

தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல், கால்மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட மோர், நீராகாரம் எல்லாம் நல்லவை. ஓஆர்எஸ் என்றால் பெரிய பாக்கெட்டை முழுசாக ஒரு லிட்டரில் கலக்க வேண்டும்; குத்துமதிப்பாக டம்ளரில் கொட்டினால் உப்பு ஏறிவிடும். பெண்கள் பலர் கழிப்பறை இல்லாததால் தண்ணீரே குடிப்பதில்லை. அதை அவர்கள் தவறென்று எழுத மாட்டேன். சைட்டில் குடிநீரும் கழிப்பறையும் இருக்க வேண்டுமென்று 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமே அப்போதே சொல்லியிருந்தது.

பிழைத்து வந்தவரை மறுநாளே கலவை போடக் கூப்பிடாதீர்கள். ஈரல், சிறுநீரகப் பழுது சில நாள் கழித்தும் தெரியவரலாம். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை, குறைந்தது ஒரு வாரமாவது ஓய்வு வேண்டும். அந்த வாரக் கூலியை கான்ட்ராக்டர் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே அவர் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பார்.